மாடியில் நூலகம்... பெண்கள் ஏறக் கூடாது!

'பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. இங்கிலீஷ் புத்தகம் நல்லாவே படிக்கிறா. மாயாஜாலக் கதையும் அமெரிக்க ஹைஸ்கூல் காதல் கதையுமா படிச்சுத் தள்றா. நம்ம ஊர் சம்பந்தமா ஏதாவது சொல்லுங்களேன்...' ஒவ்வொரு வருடமும் புத்தகக் காட்சி நெருங்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். கேட்பவர்களில் அம்மாக்கள் அதிகம். அப்பாக்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கியபடி.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழில் குழந்தைகளுக்கான கதைகள் உண்டு. அம்புலிமாமாவும் வாண்டுமாமாவும் வளர்த்த தலைமுறை இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் நேராகக் கல்கி, சுஜாதா என்று பெரியவர்களின் அலமாரிக்குப் போய்விடுவோம். நடுவில், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை இருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு தட்டு நம்மிடம் ஏறக்குறைய காலி. ஆங்கிலத்தில் அதற்கு 'யங் அடல்ட்' என்று பெயர் வைத்து, கடையில் ஒரு சுவரையே ஒதுக்கிவிட்டார்கள். 'நான் யார், எனக்கு இந்த வீட்டில், இந்த ஊரில் என்ன இடம்' என்ற கேள்வி ஒரு மனிதருக்கு முதன்முதலில் தொண்டையில் சிக்குவது அந்த வயதில்தான். அந்தச் சுவரில் இருக்கும் பெரும்பாலான புத்தகங்கள் சுற்றிச் சுற்றி வருவதும் அந்தக் கேள்வியைத்தான்.

அந்தச் சுவரில் நம் மெட்ராஸ் கூட்டுக்குடும்பம் ஒன்றின் கதையும் இருக்கிறது. பத்மா வெங்கட்ராமன் எழுதிய 'க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ்'. 2008-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அங்குள்ள நூலகச் சங்கம் இளம் வாசகர்களுக்கான சிறந்த நூல்கள் பட்டியலில் சேர்த்தது. இங்கே? புத்தகம் பற்றித் தினமும் பேசுகிறவர்களிடம்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'யாரு, எந்த பத்மா?' என்பதுதான் பதில்.

பத்மா சென்னையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் அமெரிக்கா போய், கடலியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தவர். இது அவருடைய முதல் நாவல். பிற்பாடு எழுதிய 'தி பிரிட்ஜ் ஹோம்' அவருக்கு நல்ல பெயரும் விருதுகளும் வாங்கிக் கொடுத்தது. அந்த வெளிச்சத்தில் முதல் புத்தகம் ஓரமாய் ஒதுங்கிவிட்டது. எனக்கென்னவோ முதல் புத்தகம்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெருக்கம் என்று தோன்றுகிறது.

பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு

1941-ம் ஆண்டு. வித்யாவுக்குப் பதினைந்து வயது. பம்பாயில் அப்பா, அம்மா, அண்ணன் கிட்டா, ராஜா என்ற நாயுடன் வசதியாக வளர்கிறாள். அப்பா டாக்டர். பெண் காலேஜுக்குப் போய்ப் படிக்கட்டும் என்று நினைக்கிற மனிதர். அந்தக் காலத்தில் அப்படி ஓர் அப்பா கிடைப்பது சுலபமில்லை. பதினைந்து வயதுப் பெண் என்றாலே 'வரன் பார்க்க ஆரம்பிச்சாச்சா?' என்பதுதான் உறவுக்காரர்களின் முதல் விசாரிப்பு. பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது பதினான்கு என்று 1929-ல் வந்த சாரதா சட்டம் சொன்னதே பலருக்கு எரிச்சலாக இருந்த காலம் அது.

அப்பா அடிக்கடி எங்கோ போய்விட்டு வருகிறார். எங்கே என்று சொல்வதில்லை. சுதந்திரப் போராட்டத்தில் அடிபட்டவர்களுக்கு அவர் ரகசியமாய் வைத்தியம் பார்க்கிறார் என்று தெரியவரும்போது வித்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் அப்பாவுடன் காரில் போகும்போது வழியில் ஊர்வலம். அந்த வயதுக்கே உரிய வேகம். காரிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடிவிடுகிறாள். தேடிக்கொண்டு பின்னால் வருகிறார் அப்பா. ஒரு பெண்ணைப் போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள். அவர் குறுக்கே விழுந்து தடுக்கிறார். லத்தி அவர் தலையில் இறங்குகிறது.

உயிர் போகவில்லை. ஆனால் அந்த அப்பா இனி இல்லை. பேச்சு போய்விட்டது, நினைவு போய்விட்டது. சோறு ஊட்டிவிட வேண்டிய நிலை.

இந்த இடத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் படிக்கும்போது பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. வன்முறை சில பக்கங்கள்தான். அதற்குப் பிறகு வருவதுதான் கனம். 'நான் இறங்கி ஓடாமல் இருந்திருந்தால்...' என்ற எண்ணம் வித்யாவை விடுவதே இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடிவதில்லை. ஒரு குடும்பத்தில் பெரிய துக்கம் நடக்கும்போது, அதற்குத் தானே காரணம் என்று ஒரு பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நாவலில் இது வசனமாக வருவதைவிட, அப்பா பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அதிகம் வருகிறது.

சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பம் எங்கே போகும்? தாத்தா வீட்டுக்குத்தான். மெட்ராஸ்.

அண்டி வந்தவர்கள்

பெரிய வீடு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் என்று நிறைய பேர். ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. பம்பாயில் சொந்த வீட்டின் ராணியாக இருந்த அம்மா இங்கே அடுப்படியில் ஒரு கை. பெரியம்மா வைத்ததுதான் சட்டம். அப்பாவின் நிலையைப் பற்றி வீட்டிலேயே இளப்பமான பேச்சு. அது வித்யாவின் காதில் விழாமல் இருப்பதில்லை.

நாவலின் பலம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி எவ்வளவோ கதைகள் படித்துவிட்டோம். உறவுக்காரர் வீட்டில் அண்டிப் பிழைப்பவர்களின் மனநிலையை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கண் வழியே சொல்வது அபூர்வம். அப்பா இறந்தோ, வியாபாரம் நொடித்தோ, மாமா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் ஒரு மூலையில் வளர்ந்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓரிருவராவது இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாப்பாடு போடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது தடவை குழம்பு கேட்கத் தயங்கியதைச் சொல்வார்கள். 'நம்ம வீடு' என்ற வார்த்தை வாயில் வராமலே போனதைச் சொல்வார்கள். ரத்த சொந்தம்தான், தாத்தா வீடுதான். ஆனாலும் சொந்த வீடு இல்லை. வித்யாவின் சிக்கல் அதுதான்.

அப்புறம் அந்த மாடிப்படி.

தாத்தாவின் நூலகம் மாடியில் இருக்கிறது. பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. யாரும் பலகை எழுதித் தொங்கவிடவில்லை. கூட்டுக்குடும்பத்தின் பெரிய தடைகள் எதுவும் எழுதி வைக்கப்பட்டவை அல்லவே. ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். வித்யா ஏறுகிறாள். தாத்தா அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது நாவலின் அழகான பகுதிகளில் ஒன்று. அவள் அங்கே உட்கார்ந்து படிக்க அனுமதி கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பழமையில் ஊறிய ஒரு கிழவர், தன் வழக்கத்தை மீறாமலேயே பேத்திக்கு ஒரு கதவைத் திறந்துவிடும் அந்தச் சாமர்த்தியத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

மாடியில் ராமன் இருக்கிறான். அந்த வீட்டில் தங்கியிருக்கும் இளைஞன். இவளோடு புத்தகம் பேசுகிறான், இவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறான். நட்பு என்று வித்யா நினைத்துக்கொண்டிருப்பது மெல்ல வேறாக மாறும்போது அவளுக்கு வருவது மகிழ்ச்சியைவிட பயம்தான். கல்யாணம் என்றால் படிப்பு முடிந்தது என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். காதலா காலேஜா என்ற இழுபறியை இவ்வளவு நேர்மையாக எழுதியதற்காகவே எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ராமன் மட்டும் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவன். பெரியம்மா அளவுக்கு மீறிப் பொல்லாதவள். இரண்டுமே முதல் நாவலில் சகஜம்.

கிட்டா செய்த காரியம்

அண்ணன் கிட்டாதான் கதையின் எடையை மாற்றிவிடுகிறான். அவன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர முடிவு செய்கிறான்.

எந்த அரசாங்கத்தின் லத்தி அப்பாவின் தலையை உடைத்ததோ, அதே அரசாங்கத்தின் சீருடை! வித்யாவால் ஜீரணிக்க முடியவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கோ வேறு கோபம். கிட்டாவின் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது. ஹிட்லரை உண்ணாவிரதத்தால் நிறுத்த முடியுமா? ஜப்பான்காரன் கப்பலில் வந்து இறங்கினால் ஊர்வலம் போய்த் தடுக்க முடியுமா? அகிம்சையை உயிராக மதித்த அப்பாவின் பிள்ளை இப்படிக் கேட்கிறான்.

நம் பள்ளிப் பாடத்தில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. உப்பு சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு, 1947 என்று நேர்கோடாகப் போய்விடும். உண்மையில் அந்த ஆண்டுகள் அவ்வளவு நேராக இல்லை. இந்தியாவைக் கேட்காமலேயே வைஸ்ராய் 1939 செப்டம்பரில் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதைக் கண்டித்து மெட்ராஸில் ராஜாஜியின் அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. 1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். அதே நேரத்தில், போர் முடிவதற்குள் ஏறக்குறைய 25 லட்சம் இந்தியர்கள் தாமாக முன்வந்து அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். பலர் வயிற்றுப்பாட்டுக்காக. சிலர் கிட்டாவைப்போல யோசித்து. அதே ராஜாஜி 1942-ல் கருத்து வேறுபாட்டால் காங்கிரஸை விட்டே விலகினார். 1943-ல் மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள், பெண்கள் உட்பட. ஆக, ஒரே தாலுகாவிலிருந்து புறப்பட்ட இரண்டு தமிழர்கள் பர்மா எல்லையில் எதிரெதிரே துப்பாக்கி பிடித்திருக்கக் கூடும்.

போர் மெட்ராஸுக்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. மறுநாள் விசாகப்பட்டினம். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி பரவி, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் பாதி ஊர் காலியானது. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மூர்மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் 'எவாக்குவேஷன்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். இந்தப் பின்னணி தெரிந்து படித்தால் கிட்டாவின் முடிவு ஒரு முரட்டுப் பையனின் வீம்பாகத் தெரியாது.

நாவல் தீர்ப்பு சொல்வதில்லை. அப்பாவும் சரி, கிட்டாவும் சரி. இருவரையும் நேசிக்கிற வித்யா நடுவில் நிற்கிறாள். வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், இந்த அத்தியாயங்களைப் படித்த இரவு சாப்பாட்டு நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு 'நீயா இருந்தா என்ன பண்ணிருப்பே?' என்று கேளுங்கள். சண்டை நிச்சயம்.

ஒரு கேள்வி

தோழி ஒருத்தியின் மகள், பதினோராம் வகுப்பு, என்னிடம் வாங்கிப் போய்ப் படித்தாள். திருப்பித் தரும்போது சொன்னாள்: 'நல்லாருந்துச்சு ஆன்ட்டி. ஆனா அவளுக்கு மாடியில லைப்ரரி இருந்துச்சு. மாடியே இல்லாதவங்க என்ன பண்ணிருப்பாங்க?'

அவள் தொட்டது நாவலின் எல்லையை. இது வசதியான பிராமணக் குடும்பத்தின் கதை. சாதியைப் பற்றிய கேள்விகள் வித்யாவுக்கு வருகின்றன, ஆனாலும் கதை பெரும்பாலும் அந்த வீட்டு வாசலுக்குள்ளேயே நடக்கிறது. அந்த வாசலுக்கு வெளியே இருந்த மெட்ராஸ் இன்னொரு மெட்ராஸ். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அந்த வீடுகளின் அஸ்திவாரத்தையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். பெண்களுக்கென்று மெரினாவில் ராணி மேரி கல்லூரி 1914-லிருந்து நடந்துகொண்டிருந்தது. பால்ய விதவையாகித் தலையை மழித்துக்கொள்ள வேண்டிய குடும்பத்தில் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி, 1911-ல் பட்டதாரியாகி, தன்னைப் போன்ற பெண்களுக்கு ஐஸ் ஹவுஸில் விடுதி நடத்திப் படிக்க வைத்தார். வித்யா ஏங்கிய காலேஜ் அவள் வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரம்தான். தடுத்தது தூரம் இல்லை.

புத்தகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வித்யாவின் மாடிப்படி தடைசெய்யப்பட்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மெட்ராஸில், பல்கலைக்கழக நூலகராக இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நூல்கள் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்து 1931-ல் அவர் புத்தகம் எழுதிவிட்டார். அவர் விடாமல் வலியுறுத்தியதன் பலன்தான் 1948-ல் வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம் அது. நம் தெருமுனைக் கிளை நூலகத்துக்கு நாம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுவது அதிலிருந்து தொடங்கியதுதான். மாடியே இல்லாதவர்களுக்கு அது ஒரு மாடி என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். 'எங்க ஏரியா லைப்ரரில லேடீஸ் யாருமே உட்கார மாட்டாங்க ஆன்ட்டி. பேப்பர் படிக்கிற அங்கிள்ஸ்தான்' என்றாள். எனக்குப் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

வாங்குவதற்கு முன்

சுமார் 250 பக்கங்கள். வித்யாவே சொல்கிற கதை என்பதால் ஆங்கிலம் எளிமை. எட்டாம் வகுப்பில் ஆங்கிலம் தட்டுத் தடுமாறாமல் படிக்கிற பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லாத அம்மாக்களும் துணிந்து எடுக்கலாம். அம்மா, அப்பா, தாத்தா, பெரியப்பா என்று எல்லா உறவும் தமிழிலேயே வருவதால் சீக்கிரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்க வாசகர்களுக்காக எழுதப்பட்டது, ஆகவே நமக்கு நன்றாகத் தெரிந்த வழக்கங்களை அங்கங்கே நின்று விளக்குகிறது. அது கொஞ்சம் அலுப்பு. பிள்ளைகளுக்கு அலுப்பு தட்டுவதில்லை. அவர்களுக்கு அந்த வழக்கங்களில் பாதி தெரியாது என்பதை நான் இந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பையன்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் கொடுக்க வேண்டும். கிட்டாவுக்காகப் படிக்க ஆரம்பிப்பான், பெண்கள் சாப்பிடும் நேரம் எது என்று கவனித்துவிட்டு முடிப்பான்.

பிடித்துப் போனால் அதே ஆசிரியரின் மற்ற புத்தகங்களுக்குப் போகலாம். 'எ டைம் டு டான்ஸ்' சென்னையில் பரதம் ஆடும் வேதா என்ற பெண் விபத்தில் ஒரு காலை இழந்த பிறகு மறுபடி ஆடக் கற்பது பற்றியது, கவிதை நடையில். 'தி பிரிட்ஜ் ஹோம்' வீட்டை விட்டு ஓடிவந்து சென்னையில் ஒரு பாழடைந்த பாலத்தில் வாழும் பிள்ளைகளின் கதை. தங்கை அக்காவுக்கு எழுதுவது போல் போகும் கதை என்றாலும், மனம் லேசான பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள். 'பார்ன் பிஹைண்ட் பார்ஸ்' சிறையில் பிறந்து வளர்ந்த கபீரின் கதை. 'ஐலண்ட்ஸ் எண்ட்' அந்தமான் பழங்குடிப் பெண் ஒருத்தியுடையது. வித்யாவைப் படித்து முடித்த அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் இப்போது வேதாவிடம் இருக்கிறாள். என் பிரதி திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம்.